நார்வே ஃபியோர்டு பக்கம் எட்டு நாள், ரோடு சைக்கிளில்: இந்த வழி சரிப்படுமா?

சாய்வுக்கோணம் | 2023 மார்ச் 4

வணக்கம். மூன்று வருஷமாக இங்கே மற்றவர்கள் எழுதுவதை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இப்போது கேட்டே ஆக வேண்டிய நிலை.

ஜூன் நடுவில் நார்வே போகிறேன், மலைகளுக்கு நடுவே கடல் நீளும் ஃபியோர்டுகளின் பக்கம், தனியாக. டிக்கெட் போட்டாயிற்று. பெர்கனில் இறங்கி, ரயிலில் வொஸ் வரை போய், அங்கிருந்து மிதிக்க ஆரம்பம். குட்வாங்கன், ஃப்ளோம், லேர்டால், சொக்ன்டால், ஷோல்டன், அப்புறம் சொக்னஃபியெல் மலையைத் தாண்டி லொம், அங்கிருந்து கெய்ராங்கர், கடைசியாக ட்ரோல்ஸ்டீகன் இறங்கி ஓன்டால்ஸ்னெஸ். அங்கே ரயில் நிலையம் இருக்கிறது, ஏறினால் ஆஸ்லோ.

மேப்பில் கூட்டிப் பார்த்தால் சுமார் 450 கி.மீ. வருகிறது. எட்டு நாளைக்கு இது குறைச்சல் இல்லையா? நடுவில் எதையாவது சேர்க்கலாமா என்று யோசிக்கிறேன். உதாரணத்துக்கு ஃப்ளோமிலிருந்து லேர்டாலுக்கு மேப் காட்டும் ரோடு 50 கி.மீ.க்குள் முடிந்துவிடுகிறது, ஏற்றம் என்று சொல்லவே ஒன்றுமில்லை. பக்கத்தில் ஒரு மலை ரோடு நூடுல்ஸ் மாதிரி வளைந்து போகிறது. அது வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

வண்டி அலுமினியம், கியர் முன்னால் 50/34 பல், பின்னால் 11-28 பல், டயர் 25 மி.மீ. அகலம். மாதம் இரண்டு தடவை கொல்லிமலை ஏறுகிறேன், 70 வளைவும் நிற்காமல். அது போதுமா?

அரைக்கால்சட்டை | 2023 மார்ச் 4

மலைகள் நிறைந்த ஊரில் ஒரு ரோட்டுக்கு மட்டும் ஏற்றமே இல்லையென்றால், அது மலைக்கு மேலே போகவில்லை என்று அர்த்தம். பக்கவாட்டிலும் போகவில்லை. மிச்சம் என்ன இருக்கிறது? :)

பெர்கன்மழை | 2023 மார்ச் 5

தம்பி, சிரிப்பு இருக்கட்டும், முதலில் இதைக் கேளுங்கள். நான் பெர்கனில் இருக்கத் தொடங்கி முப்பது வருசத்துக்கு மேல். சைக்கிள் ஓடத் தொடங்கினது பன்னிரண்டு வருசம்தான், முழங்கால் வைத்தியர் சொன்னதால். அதற்குள் நீங்கள் போட்டிருக்கிற வழி முழுவதையும் துண்டு துண்டாக ஓடியிருக்கிறேன்.

நோர்வேயின் மேற்குக் கரையில் தூரத்தைக் கூட்டி வழி போட ஏலாது. எங்கே சுரங்கம், எங்கே படகு என்று பார்த்துத்தான் போட வேண்டும். உங்களுடைய முதல் நாளிலேயே இடிக்கிறது. குட்வாங்கனுக்கும் ஃப்ளோமுக்கும் நடுவில் 11.4 கி.மீ. சுரங்கம். நீங்கள் சொல்கிற அந்த ஏற்றமில்லாத லேர்டால் ரோடு 24.5 கி.மீ. சுரங்கம், 2000ஆம் ஆண்டு திறந்தது, வாகனங்கள் போகிற சுரங்கத்தில் உலகத்திலேயே நீளமானது. கார் ஓடுகிறவர்களே அதற்குள் சலித்துப்போய்க் கண் அயர்ந்துவிடக்கூடாது என்று மூன்று இடத்தில் குகை மாதிரி அகலமாக்கி நீல வெளிச்சம் போட்டிருக்கிறார்கள். இரண்டிலும் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. வாசலில் வெள்ளை வட்டம், சிவப்பு விளிம்பு, நடுவில் சைக்கிள் படம். அதைக் கண்டால் இறங்கிவிட வேண்டியதுதான். குட்வாங்கன் சுரங்கத்துக்குள் 2013இல் ஒரு லொறியும் 2015இல் ஒரு பஸ்ஸும் எரிந்தன. புகைக்குள் மாட்டின சனம் பட்ட பாட்டைச் செய்தியில் பார்த்தவன் நான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

சரி, என்ன செய்வது? குட்வாங்கனில் படகு ஏறுங்கள். நேரொய் ஃபியோர்ட் வழியாக ஃப்ளோம் போகும் உல்லாசப் படகு, சைக்கிளுக்குத் தனிக் காசு. 2018இலிருந்து அதில் ஒன்று முழுக்க பேட்டரியில் ஓடுகிறது, சத்தமே இல்லை. ஒடுங்கின இடத்தில் ஃபியோர்ட் 250 மீட்டர்தான் அகலம். காசு கூடத்தான், ஆனால் எப்படியும் அதைப் பார்க்கத்தானே வருகிறீர்கள்.

ஃப்ளோமிலிருந்து லேர்டாலுக்கு நீங்கள் வேண்டாமென்று விட்ட அந்த நூடுல்ஸ் ரோடுதான் ஒரே வழி. அவுர்லாண்ட் மலை ரோடு, இங்கத்தைய ஆட்கள் பனி ரோடு என்பார்கள். கடல் மட்டத்தில் தொடங்கி 1306 மீட்டர் வரை ஏறும். முதல் 8 கி.மீ.யில் 650 மீட்டர் ஏறினால் ஸ்டேகஸ்டைன் என்ற மரமேடை வரும். ஃபியோர்டுக்கு மேலே 30 மீட்டர் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். சுற்றுலா பஸ்கள் அதுவரைதான் வரும். அதற்கு மேல் உங்களுக்கும் செம்மறிகளுக்கும் மட்டும்தான் ரோடு.

சின்னச் சுரங்கங்கள் பலவற்றில் விடுவார்கள். சிலதில் வாசலில் பொத்தான் இருக்கும், அமத்தினால் உள்ளே சைக்கிள் போகிறது என்று கார்க்காரருக்கு விளக்கு மின்னும். பல இடங்களில் சுரங்கம் தோண்டுவதற்கு முந்தின பழைய ரோடு மலையைச் சுற்றிக் கடல் ஓரமாக இன்னும் கிடக்கும். அதுதான் சைக்கிள்காரனுடைய பொக்கிஷம். கார் வராது. ஆனால் மேலே இருந்து விழுந்த கல்லை ஒருவரும் அள்ளமாட்டார்கள், பார்த்து ஓடுங்கள்.

சாய்வுக்கோணம் | 2023 மார்ச் 5

அண்ணா, வெட்கமாக இருக்கிறது. மேப்பில் அந்த ரோடு புள்ளிக்கோடாகத்தான் இருந்தது. இன்னும் போட்டு முடிக்காத ரோடு போலிருக்கிறது, ஜூனுக்குள் முடித்துவிடுவார்கள் என்று நினைத்துவிட்டேன்.

அரைக்கால்சட்டை | 2023 மார்ச் 5

இந்த இழையை நான் சேமித்து வைக்கிறேன்.

மண்பாதை | 2023 மார்ச் 7

யாரும் சொல்லாததைச் சொல்கிறேன். வொஸ்ஸிலிருந்து தொடங்குவதே தப்பு. ரயிலில் இன்னும் மேலே ஹவுகஸ்டோல் வரை போய், அங்கிருந்து ரல்லார்வேகன் வழியாக ஃப்ளோமுக்கு இறங்குங்கள். 82 கி.மீ. பெர்கன் ரயில் பாதையைப் போட்ட தொழிலாளிகளுக்குச் சாமான் கொண்டுபோகப் போட்ட ரோடு, 1902இல் முடித்தது. காரே கிடையாது. உச்சி 1343 மீட்டர், ஃபின்சேயைத் தாண்டி. நடுவில் தங்க வேண்டுமானால் ஃபின்சே, கார் ரோடே இல்லாத, ரயில் மட்டும் வருகிற ஊர். கடைசியில் மிர்டாலிலிருந்து ஃப்ளோம் பள்ளத்தாக்குக்குள் 21 வளைவு. நார்வேயில் சைக்கிள் என்றால் எனக்கு அதுதான், மற்றதெல்லாம் அப்புறம். நான் ஸ்டுட்கார்ட்டிலிருந்து இரண்டு தடவை அதற்காகவே போய்வந்தேன்.

பெர்கன்மழை | 2023 மார்ச் 7

நல்ல வழிதான், மறுக்கவில்லை. ஆனால் ஜூன் நடுவிலா? அந்த உச்சிப் பக்கம் ஜூலை நடு வரைக்கும் பனி கிடக்கும். சைக்கிளைத் தோளில் வைத்து நடக்க வேண்டும். தம்பியிடம் இருப்பது 25 டயர், அது சல்லி ரோடு. மிர்டால் வளைவுகளில் நல்ல டயர் போட்டவர்களே இறங்கித் தள்ளுகிறார்கள்.

மண்பாதை | 2023 மார்ச் 8

நான் 28 டயரில் போனேன். ஒரு பஞ்சர்தான்.

பெர்கன்மழை | 2023 மார்ச் 8

எந்த மாதம் போனீர்கள்?

மண்பாதை | 2023 மார்ச் 8

ஆகஸ்ட். சரி சரி.

நீலக்கதவு | 2023 மார்ச் 11

நான் இரண்டு வருஷத்துக்கு முன் செப்டம்பரில் பின்னால் இரண்டு பை கட்டிக்கொண்டு இதே பக்கம் பத்து நாள் ஓட்டினேன். தனியாகத்தான். பயப்பட ஒன்றுமில்லை, ஒரு பெண்ணாகச் சொல்கிறேன். சில குறிப்புகள்.

சொக்ன்டாலிலிருந்து ஷோல்டனுக்கு எல்லோரும் 55ஆம் நம்பர் ரோட்டிலேயே போவார்கள். போகாதீர்கள். சொல்வோர்ன் என்ற கிராமத்துக்கு இறங்கி, சின்னப் படகில் எதிர்க்கரை உர்னெஸுக்குப் போங்கள். அங்கே 12ஆம் நூற்றாண்டு மரக் கோயில் இருக்கிறது, கிறிஸ்தவக் கோயில், 1979இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தார்கள். வடக்குச் சுவரில் பாம்பும் மிருகமும் பின்னிப் பிணைந்த செதுக்கல். தொட்டுவிடும் தூரத்தில் நின்று பார்க்கலாம். அங்கிருந்து கிழக்குக் கரையோடு ஷோல்டன் வரை முப்பது கி.மீ. சொச்சம், ஒரு கார் போகும் அகலம்தான், தண்ணீரை ஒட்டியே போகும். அரை மணி நேரத்தில் நான் பார்த்தது இரண்டு டிராக்டர். ஃபெய்கெஃபொஸ் அருவி வழியிலேயே, 218 மீட்டர் விழுகிறது.

ஷோல்டனில் ஏரிக்கு எதிர்ப்பக்கம் செங்குத்தில் ஒரு வீடு ஒட்டிக்கொண்டிருக்கும். தத்துவவாதி விட்கென்ஸ்டைன் 1914இல் தனியாக இருப்பதற்கென்று கட்டியது. ஏறிப் பார்க்க நேரம் இல்லாவிட்டாலும் மறுநாள் காலையில் நீங்கள் ஏறப்போகிற மலையை நினைத்துக்கொண்டு கீழே நின்று பார்க்கலாம், மனிதர் எதற்கு இங்கே வந்தார் என்பது புரிந்துவிடும்.

சாப்பாடு: ஞாயிற்றுக்கிழமை பெரிய கடைகள் மூடியிருக்கும், சட்டமே அப்படி. சின்னக் கடையும் பெட்ரோல் பங்கும்தான் கதி. சனிக்கிழமை மாலையே ரொட்டி, சீஸ் வாங்கி வைத்துவிடுங்கள். அந்த ஊர் பழுப்புச் சீஸ் திரட்டுப்பால் மாதிரி இருக்கும், எனக்கு மூன்றாம் நாள்தான் பிடித்தது, ஐந்தாம் நாள் அது இல்லாமல் ஏறவே முடியவில்லை.

பெரும்பாலான பொதுப் படகுகளில் சைக்கிளுக்கும் ஆளுக்கும் காசு கிடையாது. சுற்றுலாப் படகுக்கு உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

லேர்டாலிலிருந்து சொக்ன்டால் போக ஃபொட்னெஸில் படகு ஏற வேண்டும். அதற்கு முன்னால் 6.6 கி.மீ. சுரங்கம். நான் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள், வீரம் வேண்டாம்.

சங்கிலிஎண்ணெய் | 2023 மார்ச் 12

எல்லோரும் காட்சியைப் பற்றியே பேசுகிறீர்கள், அந்த 11-28ஐ யாரும் கேட்கவில்லையே.

கணக்குப் போடுவோம். ஷோல்டனிலிருந்து ஃபோர்துன் வரை சமதரை. ஃபோர்துனில் தொடங்கி துர்தாக்ரோ ஓட்டல் 884 மீட்டர் உயரத்தில். நடுவில் பத்துப் பதினோரு கி.மீ.தான். சராசரி 8 சதவீதம். அதற்கப்புறமும் உச்சி 1434 மீட்டரில், வடக்கு ஐரோப்பாவிலேயே உயரமான மலைக் கணவாய் ரோடு அது.

ஆளும் வண்டியும் பையும் சேர்த்து 95 கிலோ என்று வையுங்கள். முன்னால் 34, பின்னால் 28 பல்லில் ஒரு சுற்றுக்கு இரண்டரை மீட்டர் நகர்வீர்கள். நிமிஷத்துக்கு 60 சுற்று மிதித்தாலே வேகம் மணிக்கு 9 கி.மீ.க்கு மேல், அதற்கு 200 வாட் வேண்டும். ஒன்றே கால் மணி நேரம் இடைவிடாமல். கொல்லிமலையில் பையில்லாமல் செய்வீர்கள், ஒப்புக்கொள்கிறேன். இங்கே பையோடு, நேற்றைய மலையின் வலியோடு, நாளைக்கும் ஒரு மலை இருக்கிறது என்ற நினைப்போடு. பின்னால் 34 பல் போட்டால் அதே 60 சுற்றுக்கு மணிக்கு ஏழரை கி.மீ., 165 வாட்டுக்குள் முடிந்துவிடும். முழங்கால் பிழைக்கும்.

11-34 போடுங்கள். பின் டிரெய்லருக்கு, அதாவது சங்கிலியைப் பல்லுக்குப் பல் நகர்த்துகிற கருவிக்கு, கை நீளமானது வேண்டும், சங்கிலியும் நீளம் பார்த்துப் புதிதாகப் போடுங்கள். டயர் ஃப்ரேமில் இடமிருந்தால் 28. பிரேக் பேட் புதிது போட்டு, இன்னொரு ஜோடி பையில். ஏறுவதை எல்லோரும் கவலைப்படுவார்கள், 1400 மீட்டர் இறங்கும்போது பிரேக்கைப் பிடித்துப் பிடித்துக் கை விறைத்துப்போகும். முழு விரல் கையுறை இல்லாமல் போகவே போகாதீர்கள்.

சாய்வுக்கோணம் | 2023 மார்ச் 19

எல்லோருக்கும் நன்றி. 11-34 போட்டாயிற்று. 28 டயர் உரசாமல் உட்கார்ந்துவிட்டது. திருத்திய வழி: வொஸ் – குட்வாங்கன், படகில் ஃப்ளோம், பனி ரோட்டில் லேர்டால், பஸ், படகு, சொக்ன்டால், உர்னெஸ் கரை, ஷோல்டன், சொக்னஃபியெல், லொம், குரோட்லி, கெய்ராங்கர், ட்ரோல்ஸ்டீகன். 450 குறைச்சல் என்று கேட்டதைத் தயவுசெய்து மறந்துவிடுங்கள்.

அரைக்கால்சட்டை | 2023 மார்ச் 19

முடியாது.

சாய்வுக்கோணம் | 2023 ஜூன் 11

பெர்கனிலிருந்து எழுதுகிறேன். அவசரம். விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்தால் பின் டிரெய்லர் ஹேங்கர், டிரெய்லரை ஃப்ரேமோடு பிடித்திருக்கும் துண்டு, உள்பக்கமாக வளைந்திருக்கிறது. பெட்டியை எங்கே, எதன் அடியில் வைத்தார்களோ. பெரிய பல்லுக்கு மாற்றினால் டிரெய்லர் சக்கரக் கம்பியில் போய் இடிக்கிறது. இன்றைக்கு ஞாயிறு, கடை எதுவும் இல்லை. நாளை காலை 8 மணிக்கு ரயில், சைக்கிளுக்கும் இடம் போட்டு வைத்திருக்கிறேன், விட்டால் அடுத்தது எப்போது கிடைக்குமோ.

சங்கிலிஎண்ணெய் | 2023 ஜூன் 11

கையால் வளைக்காதே! உடைந்துவிடும். மாற்று ஹேங்கர் வாங்கி வரச் சொல்ல மறந்தது என் தப்பு. பெர்கன்மழை அண்ணனிடம் பழைய பின் சக்கரம் ஏதாவது இருக்கிறதா கேள். குயிக் ரிலீஸ் வகை, கைப்பிடியைத் திருப்பிக் கழற்றுவது, அச்சு வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அந்த அச்சின் மரையும் ஹேங்கர் ஓட்டையின் மரையும் ஒன்றுதான், 10 மில்லிமீட்டர். டிரெய்லரைக் கழற்றிவிட்டு அந்தச் சக்கரத்தை ஹேங்கரில் திருகு. இப்போது இரண்டு சக்கரம் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். இரண்டு ரிம்முக்கும் நடுவில் மேலே, கீழே, முன்னே, பின்னே இடைவெளியை அள. எல்லா இடத்திலும் ஒன்றாக வரும் வரை வெளிச்சக்கரத்தை மெல்ல, மெல்ல இழு. ஒரே இழுப்பில் வேண்டாம்.

பெர்கன்மழை | 2023 ஜூன் 11

நிலவறையில் மகனுடைய பழைய சைக்கிள் கிடக்குது. தம்பி, விலாசம் தனியாக அனுப்பியிருக்கிறேன். ட்ராமில் ஏறி வாருங்கள். சாப்பிடாமல் வாருங்கள், வீட்டில் புட்டு.

சாய்வுக்கோணம் | 2023 ஜூலை 2

வந்துவிட்டேன். எட்டு நாளும் முடித்தேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஹேங்கர் முதலில். அண்ணன் வீட்டு நிலவறையில் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து, அவர் இடைவெளிக்குள் பென்சிலைச் செருகி அளக்க, நான் இழுக்க, முக்கால் மணி நேரம். கீழே பென்சில் நுழைந்தது, மேலே விரலே நுழைந்தது. கடைசியில் நாலு பக்கமும் பென்சில் உரசிக்கொண்டு நுழைந்தபோது அண்ணி மேலிருந்து மூன்றாவது தடவை சாப்பிடக் கூப்பிட்டுவிட்டார். எட்டு நாளும் கியர் ஒரு தடவைகூடத் தகராறு செய்யவில்லை. சங்கிலிஎண்ணெய்க்கு ஒரு கும்பிடு. பெர்கனில் மழையே பெய்யவில்லை, அதற்கு அண்ணன் என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

முதல் நாள் பற்றிச் சொல்ல அதிகமில்லை. படகில் எல்லோரும் மலையைப் படம் எடுத்தார்கள், நான் மேலே ரோடு எங்கே என்று தேடிக்கொண்டிருந்தேன்.

பனி ரோடு. இதைத்தான் வேண்டாம் என்று விட்டேன் என்பதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. அவுர்லாண்டில் காலை 6 மணிக்கு ஏற ஆரம்பித்தேன். ஜூனில் அங்கே இருட்டு என்பதே இல்லை, இரவு 11 மணிக்குப் புத்தகம் வாசிக்கலாம், அதனால் காலை, மாலை என்பதெல்லாம் நம் வசதிக்குத்தான். ஸ்டேகஸ்டைன் வரை கொல்லிமலைதான், வேர்வை, வளைவு, மரநிழல். அதற்கு மேல் மரங்கள் முடிந்துவிடுகின்றன. ஒரு வளைவில் கடைசி பிர்ச் மரம், அடுத்த வளைவில் வெறும் பாறை. அப்புறம் பனி, ரோட்டுக்கு இரண்டு பக்கமும் வெட்டி ஒதுக்கிய சுவர், என் தோள் உயரம். வெயில் கொளுத்துகிறது, பனிச்சுவரிலிருந்து ஃபிரிட்ஜைத் திறந்த மாதிரிக் குளிர் வருகிறது. ஒரு பக்கக் கன்னம் சுடுகிறது, மறு பக்கக் கன்னம் விறைக்கிறது. உருகிய தண்ணீர் ரோட்டை நனைத்துக்கொண்டு ஓடுகிறது. அரை மணி நேரம் ஒரு காரும் இல்லை. அந்த மலைக்கு அடியில், என் சக்கரத்துக்கு எத்தனையோ நூறு மீட்டர் கீழே, நீல வெளிச்சத்தில் லாரிகள் போய்க்கொண்டிருக்கும் என்று நினைத்தபோது சிரிப்பு வந்தது.

இறக்கத்தில்தான் விழுந்தேன். ரோட்டுக்குக் குறுக்கே ஆடு மாடு தாண்டாமல் இருக்க இரும்புக் கம்பிகளை வரிசையாகப் பதித்திருப்பார்கள். நேராகப் போனால் கடகடவென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கம்பிக்கு இந்தப் பக்கம் ஒரு செம்மறியும் இரண்டு குட்டிகளும் நட்ட நடு ரோட்டில் படுத்திருந்தன. ரோடு சூடு, அவற்றுக்குச் சுகம். நான் ஒதுங்கிச் சாய்வாகக் கம்பி மேல் ஏறினேன், முன் சக்கரம் கம்பியோடு வழுக்கி இழுத்துக்கொண்டு போனது. முழங்கை சிராய்ப்பு, ஜெர்சி கிழிசல். செம்மறி தலையைத் தூக்கிப் பார்த்தது, எழுந்திருக்கவில்லை. அதற்கப்புறம் கம்பி வந்தால் வேகம் குறைத்து நேர்கோட்டில்தான். மழையில் எப்படி இருக்கும் என்று நினைக்கவே பயம்.

உர்னெஸ் கரையைப் பற்றி நீலக்கதவு அக்கா சொன்னதில் ஒரு எழுத்துக்கூட மிகையில்லை. எட்டு நாளில் நான் சும்மா உட்கார்ந்திருந்த ஒரே இடம் அதுதான். நான் பார்த்தது ஒரு டிராக்டர்.

சொக்னஃபியெல் ஏறிய நாள் கீழே வெயில், துர்தாக்ரோவில் மேகத்துக்குள் நுழைந்துவிட்டேன். அந்த ஓட்டலில் காபி குடித்தபோது பக்கத்து மேசையில் கயிறும் இரும்புமாக மலையேறுபவர்கள். என் சைக்கிள் செருப்பை அவர்கள் பரிதாபமாகப் பார்த்த மாதிரி இருந்தது. உச்சியில் பத்து மீட்டருக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. ரோட்டோரம் நட்டு வைத்திருக்கும் நீளமான பனிக் கம்புகளை எண்ணிக்கொண்டே மிதித்தேன், ஒன்று மறைந்தால் அடுத்தது தெரியும். 1434 என்ற பலகையை நான் பார்க்கவே இல்லை. இறங்க ஆரம்பித்த பிறகுதான் உச்சியைத் தாண்டிவிட்டது தெரிந்தது. விரல் விறைத்து பிரேக் பிடிக்க முடியாமல் இரண்டு இடத்தில் நின்று அக்குளில் கையை வைத்துக்கொண்டேன். லொம் ஊர் பேக்கரியில் இலவங்கப்பட்டை போட்ட பன் நாலு சாப்பிட்டேன். விலை கேட்காதீர்கள்.

லொம்மிலிருந்து குரோட்லி வரைக்கும் யாரும் எச்சரிக்காத நாள். பெரிய ஏற்றம் எதுவுமில்லை, ஆனால் அறுபது கி.மீ. விடாமல் மேல்நோக்கிய மெல்லிய சரிவு, எதிர்க்காற்று, பக்கத்தில் உரசிக்கொண்டு வீட்டு வண்டிகள். மொத்தப் பயணத்தில் அலுப்புத் தட்டியது அங்கேதான். இரண்டாவது தடவை போனால் அந்தத் துண்டுக்கு பஸ் பிடிப்பேன், வெட்கப்படாமல்.

கெய்ராங்கர் இறங்கும் முன் டால்ஸ்னிப்பா. பிரதான ரோட்டிலிருந்து பிரிந்து 5 கி.மீ. மேலே, 1476 மீட்டர் வரை. பையை ஏரிக்கரை விடுதியில் வைத்துவிட்டு ஏறினேன். மேலே இருந்து பார்த்தால் ஃபியோர்டில் நின்ற கப்பல் தீப்பெட்டி அளவு. அடுத்த அரை மணி நேரத்தில் அந்தத் தீப்பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றேன், 21 கி.மீ.யில் கடல் மட்டம். காது இரண்டு தடவை அடைத்தது. ஊருக்குள் கப்பல் கூட்டம், ஒரு மேசை கிடைக்கவில்லை. அங்கே தங்கியது தப்பு. கழுகு ரோடு என்கிற அந்த 11 வளைவையும் அன்றைக்கே ஏறி ஐட்ஸ்டால் பக்கம் தங்கியிருக்க வேண்டும்.

ஐட்ஸ்டால் படகில் ஸ்வேலே என்று ஒன்று விற்கிறார்கள். தடிமனான தோசை மாதிரி, வெண்ணெயும் சர்க்கரையும் தடவி மடித்தது. படகு பத்துப் பதினைந்து நிமிஷத்தில் மறுகரை போய்விடும். அதற்குள் மூன்று தின்றேன்.

ட்ரோல்ஸ்டீகன் பற்றி எல்லோரும் எழுதியாயிற்று. 11 வளைவு, 1936இல் திறந்தது, நடுவில் அருவி. தெற்கிலிருந்து வந்து அதில் இறங்கினால் ஐந்தாறு நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது, அதுவும் கார்களுக்குப் பின்னால் பிரேக் பிடித்துக்கொண்டு. அது ஏறுவதற்கான ரோடு. என் வழியைத் திருப்பிப் போட்டு, ஓன்டால்ஸ்னெஸில் ஆரம்பித்திருக்க வேண்டும் என்பது கடைசி நாள்தான் உறைத்தது. இனி போகிறவர்கள் வடக்கிலிருந்து தெற்காக வாருங்கள்.

மண்பாதை | 2023 ஜூலை 3

அருமை. ஆனாலும் ரல்லார்வேகன் போகவில்லை. போகவே இல்லை.

சங்கிலிஎண்ணெய் | 2023 ஜூலை 3

34 பல்லைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே?

சாய்வுக்கோணம் | 2023 ஜூலை 3

ஃபோர்துன் ஏற்றத்தில் 34இலிருந்து ஒரு பல்கூட இறங்கவில்லை. 36 இருந்தால் அதையும் போட்டிருப்பேன். போதுமா?

நீலக்கதவு | 2023 ஆகஸ்ட் 16

இதைப் படித்துவிட்டு நான் செப்டம்பருக்கு வடக்கிலிருந்து தெற்காக வழி போட்டிருந்தேன், ஆஸ்லோவிலிருந்து ரயிலில் ஓன்டால்ஸ்னெஸ் போய் ஆரம்பிப்பதாக. இந்த மாதம் வந்த வெள்ளத்துக்கப்புறம் ரிங்கேபு பக்கத்தில் ரயில் பாலம் இடிந்து ஆற்றுக்குள் விழுந்துவிட்டது, 14ஆம் தேதி. நல்லவேளை ரயில் எதுவும் அதில் இல்லை. அந்தத் தடம் எப்போது சரியாகுமோ. பதிலுக்கு பஸ் விடுகிறார்கள், ஆனால் சைக்கிளை ஏற்றுவார்களா என்பது ஓட்டுநர் மனசைப் பொறுத்தது. அதனால் பெர்கனிலிருந்தே தொடங்குகிறேன். அண்ணா, புட்டு இருக்குமா?

பெர்கன்மழை | 2023 ஆகஸ்ட் 16

இருக்கும். இந்த முறை மழையும் இருக்கும்.

புதியசெயின் | 2024 ஜூன் 20

பழைய இழையைத் தோண்டுகிறேன், மன்னிக்கவும். ஜூலை கடைசியில் சாய்வுக்கோணம் சொன்ன மாதிரி வடக்கிலிருந்து வரத் திட்டம். ட்ரோல்ஸ்டீகனை மூடிவிட்டதாகச் செய்தி பார்த்தேன். உண்மையா?

பெர்கன்மழை | 2024 ஜூன் 20

உண்மைதான். மேலே இருந்து பாறை விழுகிறது, இந்த சீசன் முழுக்க மூடிவிட்டார்கள். தடுப்பைத் தாண்டி ஓடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். எந்த வருசம் வந்தாலும் மலை ரோடுகளின் நிலையைக் கிளம்புகிற கிழமை பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். ஜூலை கடைசி என்றால் நோர்வே முழுக்க விடுமுறையில் ரோட்டில் நிற்கும், அதையும் யோசியுங்கள். ஆகஸ்ட் மூன்றாம் கிழமைக்குத் தள்ள ஏலுமென்றால் தள்ளுங்கள்.

மாற்று வழி ஒன்று சொல்கிறேன். ட்ரோல்ஸ்டீகனை விடுங்கள். கெய்ராங்கரில் இருந்து ஹெல்லெசில்ட்டுக்குப் படகு, ஏழு சகோதரிகள் அருவிக்கு முன்னாலேயே போகும், காசு உண்டு. ஹெல்லெசில்ட்டில் இறங்கி நொராங்ஸ்டால் பள்ளத்தாக்கு ரோட்டைப் பிடியுங்கள், ஓயே வரை. ஒடுங்கின ரோடு, இரண்டு பக்கமும் மலை நெருங்கி நிற்கும், சுற்றுலா பஸ்களின் கரைச்சல் குறைவு. முடிவில் லெக்னெஸில் படகு ஏறி ஹ்யொருண் ஃபியோர்டைக் கடந்து சேபோ, அங்கிருந்து ஓர்ஸ்டா.

வழியில் லிங்ஸ்டொய்ல் என்ற சின்ன ஏரி வரும். அவசரப்பட்டுத் தாண்டிப் போகாதீர்கள். 1908இல் மலை சரிந்து ஆற்றை அடைத்ததில் உண்டான ஏரி அது. கோடையில் மாடு மேய்க்கிறவர்கள் தங்குகிற கல்வீடுகள் அதற்குள் மூழ்கிப் போயின. ரோட்டோரமே சைக்கிளைச் சாத்திவிட்டுக் கரையில் நில்லுங்கள். காற்று இல்லாத நாளில் தண்ணீருக்குள் சுவர்கள் தெரியும், அதற்குப் பக்கத்திலேயே பழைய ரோடும்.